அன்னபேதியும் காமாக் கதிரும்

சங்கரன்கோவில் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கொஞ்சம் கடுக்காயும் அன்னபேதியும் வாங்கி வாருங்கள். கடுக்காயைத் தட்டி ஊறவைத்த நீரில் அன்னபேதிக் கரைசலைச் சிறிது விடுங்கள். கலவை கறுத்துவிடும். நம் முன்னோர் எழுதிய மையும் நூலுக்கு ஏற்றிய கறுப்புச் சாயமும் இந்த வினையில் பிறந்தவைதாம்.

அன்னபேதி என்பது ஃபெர்ரஸ் சல்பேட்டு. கடுக்காயிலுள்ள டானினோ பென்சீன் வளையம் கொண்ட அரோமாட்டிக் சேர்மம். காற்றிலுள்ள ஆக்சிஜனால் ஃபெர்ரஸ் அயனி ஓர் எலெக்ட்ரானை இழந்து ஃபெர்ரிக் அயனியாகிறது. அது டானினோடு இணைந்து கறுக்கிறது. இதே இரும்பும் இதே வளையமும் கதிர்வீச்சை அளக்க வந்த கதையைக் கேளுங்கள்.

1927-இல் ஹியூகோ ஃபிரிக்கேயும் மோர்ஸும் அமிலம் கலந்த ஃபெர்ரஸ் சல்பேட்டுக் கரைசலில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். கதிர் நீரை உடைக்கிறது. பிறக்கும் ஹைட்ராக்சில் போன்ற தனி உறுப்புகள் ஃபெர்ரஸை ஃபெர்ரிக்காக மாற்றுகின்றன. எவ்வளவு மாறியது என்று அளந்தால், எவ்வளவு கதிர் பாய்ந்தது என்று தெரியும். ஆனால் ஒரு தொல்லை. நீரில் கரிமப் பொருள் துளி கலந்திருந்தாலும் ஃபெர்ரிக் அளவு தாறுமாறாக ஏறிவிடும்! அதற்காக நீரைத் திரும்பத் திரும்ப வடித்தார்கள். கரைசலில் சிட்டிகை உப்பும் சேர்த்தார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. ஃபிரிக்கே கரைசல் நன்றாக அளப்பது சுமார் 40 முதல் 400 கிரே வரை. புற்றுநோயாளிக்கு ஒரு வேளையில் தருவதோ ஏறக்குறைய 2 கிரேதான். கூடினால் நல்ல திசு கருகும். குறைந்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும்.

பம்பாய் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி. எல். குப்தாவும் உடன் உழைத்தவர்களும் 1970-களில் அந்தத் தொல்லையையே வேலைக்கு அமர்த்தினார்கள். எல்லாரும் விலக்கிய கரிமப் பொருளை, பென்சோயிக் அமிலத்தை, அளந்து கலந்தார்கள். ஹைட்ராக்சில் இப்போது இரும்பை விட்டு பென்சீன் வளையத்தில் ஒட்டுகிறது. அங்கே ஆக்சிஜன் சேர்ந்து பெராக்சி உறுப்பாகிறது. அது ஃபெர்ரஸைத் தாக்க, வினை சங்கிலியாக நீள்கிறது. முன்பு ஒரு ஹைட்ராக்சில் ஓர் இரும்பு அயனியை மாற்றியது. இப்போது பல மாறுகின்றன.

வளையத்தின் கதியும் உலோக அயனியைப் பொறுத்ததே. நீரில் கரைந்த பென்சீன்மீது கதிர் பட்டால் பீனாலும் டைஃபீனைலும் உண்டாவதை ஸ்டைனும் வைஸும் 1940-களில் கண்டார்கள். ஃபெர்ரிக் அல்லது செம்பு அயனி உடனிருந்தால் பீனாலே ஓங்கும்.

டிராம்பே கரைசலில் மூன்றாவதாகச் சைலினால் ஆரஞ்சு என்ற நிறமியும் உண்டு. கடுக்காய் செய்த வேலையை அது செய்கிறது: ஃபெர்ரிக்கைப் பற்றி நிறம் காட்டும். சங்கிலி கட்டுமீறாமல் பிடித்து வைப்பதும் அதுதான். நிறத்தை 540 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டி அளக்கிறார்கள். ஒரு கிரேக்கும் வெகு கீழேயிருந்து சுமார் 30 கிரே வரை இதனால் அளக்கலாம். கோபால்ட் சிகிச்சைக் கருவிகளைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்தும் முறையை அக்குழு 1982-இல் வெளியிட்டது.

ஒன்றில் கவனம் வேண்டும். கதிரே படாவிட்டாலும் இக்கரைசல் தானாக மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். ஆகவே கதிர் காட்டாத ஒரு பகுதியைப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுவார்கள். கடை அன்னபேதியும் அப்படித்தான், நாள்பட்டால் பழுப்பேறும். சோதனைக்கு வாங்கும்போது இளம்பச்சை மாறாத கட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.