திருவாலங்காட்டுச் செம்பும் இராமன் கண்ட ஒளியும்

பள்ளிப்பட்டும் திருத்தணியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி முருகன் மலைக்கோயிலால் பெரிதும் அறியப்பட்டாலும், தென்னிந்திய உலோகக் கலை வரலாற்றில் அதற்கு நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தது திருத்தணிக்குக் கிழக்கேயுள்ள திருவாலங்காடே ஆகும். சோழ மன்னன் முதலாம் இராசேந்திரன் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடையளித்த செய்தியைக் கூறும் 31 செப்பேடுகள் 1905இல் அங்குக் கண்டெடுக்கப்பட்டன. அவ்வூர் நடராசர் திருமேனி இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

இத்தகைய செம்பும் வெண்கலமும் மண்ணுக்கடியில் நெடுங்காலம் கிடக்கும்போது அவற்றின்மேல் படியும் களிம்பு ஒரே பொருளன்று. உலோகத்தை ஒட்டிச் செந்நிறக் குப்ரைட்டும், அதன்மேல் கரும்பச்சை மாலகைட்டும் அடர்ந்து படிந்தால், அப்படலம் உள்ளிருக்கும் உலோகத்துக்குக் காப்பாகவே அமைகிறது. மண்ணிலுள்ள உப்பு உட்புகுந்து குப்ரஸ் குளோரைடாகத் தங்கிவிட்டாலோ, ஈரக்காற்று பட்டவுடன் அது அமிலத்தை உண்டாக்கி, அந்த அமிலம் மேலும் செம்பை அரிக்க, விரல் பட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் புள்ளிபுள்ளியாகக் கிளம்பும். இதுவே வெண்கல நோய் எனப்படுவது.

இதற்கு மருந்து தேடி 1930இல் சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் வேதியியலாளரான எஸ். பரமசிவன், படிமத்தை எதிர்மின்வாயாக்கி மின்சாரம் செலுத்திக் குளோரைடைப் பிரித்தெடுக்கும் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். நோயுற்ற பல படிமங்களுக்கு அது உயிர்மருந்தாயினும், தீய களிம்போடு காப்புப் படலத்தையும் நீக்கிவிடக்கூடிய முறை அது. ஆகவே நீக்குவதற்கு முன் எந்தக் களிம்பு என அறிவது சிகிச்சையினும் முதன்மையானது.

அதை அறியும் வழியைத் தந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி. வி. இராமன் ஆவார். பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி, ஏறத்தாழ கோடியில் ஒரு துகள், அப்பொருளின் மூலக்கூறு அதிர்வுக்கேற்ப அலைநீளம் மாறி வெளிவருவதை அவர் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்தார். அக்கால ஆய்வாளர் நம்பியிருந்த பாதரச விளக்கால் களிம்பின் சிறு புள்ளியைத் தனித்து ஆராய்வது அரிதாயிருந்தது. 1960இல் லேசர் பிறந்தபின், நுண்ணோக்கியின் கீழ் மயிரிழையினும் சிறிய இடத்தில் ஒளியைக் குவித்து, வெளிர்பச்சைத் தூளில் காணப்படும், ஏறத்தாழ ஒரே வேதியியல் வாய்பாடு கொண்ட அட்டகமைட்டையும் பாராடகமைட்டையும்கூட, ஒரு துகளும் சுரண்டாமல் வேறுபடுத்த முடிகிறது. ஒளியின் ஆற்றல் மிகுந்தால் அதன் வெப்பமே களிம்பை வேறொன்றாக மாற்றிவிடும் என்பதால், அதைக் குறைத்துவைத்தே ஆராய வேண்டும். லேசர் துடிப்பால் புள்ளியளவு பொருளை ஆவியாக்கித் தனிமங்களைக் காட்டும் மற்றொரு முறையும் உண்டு. அது நுண்ணிய தழும்பை விட்டுச் செல்வதால் வழிபாட்டுத் திருமேனிகளுக்கு இராமன் முறையே ஏற்றது.

எனவே கோயில் பொறுப்பிலுள்ளோர், திருமேனியில் வெளிர்பச்சைத் தூளைக் கண்டால், புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்காமல், ஈரம் படாத இடத்தில் வைத்துப் பாதுகாப்பு வேதியியலாளரிடம் காட்டுதல் வேண்டும்.