கண்ணாடிப் புட்டிகளில் உற்பத்தியாளர் முத்திரை

பழைய கண்ணாடிப் புட்டியின் உடலில் புடைத்து நிற்கும் பெயர் பெரும்பாலும் மருந்தையோ சோடாவையோ விற்றவருடையது. கண்ணாடியை வார்த்தவர் யாரென்று அறியப் புட்டியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஓவன்ஸ்-இல்லினாய்ஸ் நிறுவனத்தின் முத்திரை இதற்கு நல்ல சான்று: சாய்சதுரமும் நீள்வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்க, நடுவில் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து நிற்கும். ஓவன்ஸ் பாட்டில் கம்பெனியும் இல்லினாய்ஸ் கிளாஸ் கம்பெனியும் 1929-இல் இணைந்து உருவானது இந்நிறுவனம். ஆகவே இம்முத்திரை கொண்ட எந்தப் புட்டியும் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. பொதுவாக முத்திரையின் இடப்பக்க எண் ஆலையைக் குறிக்கும். வலப்பக்க எண் ஆண்டைக் குறிக்கும்.

தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒற்றை இலக்கமே இட்டார்கள். 5 என்றிருந்தால் 1935-ஆ, 1945-ஆ என்ற குழப்பம் வருகிறதே, பிறகு முத்திரையை எப்படி நம்புவது என்று கேட்கலாம். முத்திரையை மட்டும் தனியே படிப்பவருக்கே அந்தத் தடை. அதே புட்டியில் 'டியூராகிளாஸ்' என்ற சொல் கையெழுத்துப் பாணியில் ஓடினால், அது 1940-க்கு முந்தையதல்ல. குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மதுப்புட்டியானால், மறுபயன்பாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்ட வாசகம் 1935 முதல் 1964 வரையான காலத்தைச் சுட்டும். முத்திரை சொல்வது கண்ணாடி வார்த்த காலத்தையே. புட்டி கடைசியாக நிரப்பப்பட்ட காலத்தை அல்ல என்பதையும் மறக்கலாகாது.

எழுத்து மங்கியிருந்தால் சுரண்டாதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழலில் கோடுகள் எழுந்து தெரியும்.