ஓக்மெய்தான்: விளையாட்டுக்காக ஒதுக்கப்பட்ட நிலம்

விளையாட்டுத் திடலுக்கு அரசுப் பொருளைச் செலவிடுவது இக்காலத்து ஆடம்பரம் என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். மார்க்கப் பற்றுள்ளவர்களுக்கு அதில் அக்கறை தேவையில்லை என்போரும் உளர். வரலாறோ வேறொன்றைக் கூறுகிறது.

மதீனாவில் இறைத்தூதர் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரியில் நாம் காண்கிறோம். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்து அல்லது ஆறு மைல் தொலைவு குறிக்கப்பட்டது. பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைல் மட்டுமே. வலியதையும் எளியதையும் ஒரே பந்தயத்தில் நிறுத்தாத நீதி இது. அப்பந்தயத்தில் பங்கேற்றவர்களுள் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர்.

அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டுக் கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த நபியவர்கள், அவர்களை ஊக்குவித்து, தாம் ஓர் அணியின் பக்கம் இருப்பதாகக் கூறினார்கள். உடனே எதிரணியினர் கைகளை நிறுத்திக்கொண்டனர். நபியவர்கள் எதிர்ப்பக்கம் நிற்க, எப்படி எய்வது என்பது அவர்களின் தயக்கம். அப்போது நபியவர்கள், தாம் அனைவருடனும் இருப்பதாகக் கூறி விளையாட்டைத் தொடரச் செய்தார்கள். ஆட்சிப் பொறுப்பில் உள்ளவர் ஓர் அணிக்கு மட்டும் உரியவராகிவிட்டால் மற்ற அணியின் கை தளர்ந்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

இவ்வழிமுறையைப் பின்னாளில் ஒரு நிலையான ஏற்பாடாக ஆக்கியவர்கள் உஸ்மானியர்கள். 1453ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, பொற்கொம்பு நீர்முகத்தின் வடக்கே உள்ள மேட்டு நிலத்தை வில்லாளர்களுக்கென ஒதுக்கினார். அதன் பெயர் ஓக்மெய்தான். துருக்கி மொழியில் 'ஓக்' என்றால் அம்பு. 'மெய்தான்' என்பது நாம் அன்றாடம் வழங்கும் மைதானமேதான். அவருடைய மகன் இரண்டாம் பாயஸீத் காலத்தில் (1481–1512) அங்கு வில்லாளர்களுக்கென ஒரு தக்கியா எழுந்தது. தொழுவதற்கு இடமும், உணவு சமைக்கும் கூடமும், பயிற்சி அளிக்கும் ஆசான்களும் அங்கிருந்தனர். மைதானத்தில் வீடு கட்டக்கூடாது, கால்நடை மேய்க்கக்கூடாது, இறந்தோரை அடக்கக்கூடாது என ஆணைகள் பிறந்தன. பின்வந்த சுல்தான்கள் அவற்றைப் புதுப்பித்தனர்.

அங்கு அம்பெய்வதற்கு உரிமம் வேண்டும். பிஷ்ரவ் என்னும் அம்பை 900 கெஸ் தொலைவுக்குச் சாட்சிகளின் முன்னிலையில் செலுத்தியவருக்கே அது கிடைக்கும். ஒரு கெஸ் என்பது ஏறத்தாழ 66 சென்டிமீட்டர். ஆகவே அது 590 மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. சாதனை படைத்தவர் நின்ற இடத்திலும் அம்பு விழுந்த இடத்திலும் கல் நடப்பட்டது. இரண்டாம் பாயஸீத் காலத்து வில்லாளர் தோஸ்கோபரான் இஸ்கந்தர் ஏறத்தாழ 845 மீட்டர் தொலைவுக்கு எய்ததாகப் பதிவு உள்ளது. வில்வித்தையில் பெரிதும் ஈடுபாடு கொண்ட சுல்தான் இரண்டாம் மஹ்மூதும் (1808–1839) முறைப்படி பயின்று உரிமம் பெற்றவரே. அரசரின் கல்லும் குடிமகனின் கல்லும் ஒரே மண்ணில் நின்றன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரசு நிலத்தைக் கொடுத்தது, செலவுக்கு வழி செய்தது, ஆணையால் காத்தது. ஆனால் அன்றாட நிர்வாகம் வில்லாளர்களின் கையில் இருந்தது. யாருக்கு உரிமம், எந்தச் சாதனை செல்லும் என்பவற்றை மைதானத்தின் ஷைகும் அனுபவமிக்க ஆசான்களுமே தீர்மானித்தனர். அரசின் பொருளும் சமூகத்தின் பொறுப்பும் இணைந்திருந்தவரை மைதானம் நிலைத்தது.

துப்பாக்கி வந்தபின் வில் போர்க்களத்தை விட்டு நீங்கியது. இரண்டாம் மஹ்மூதுக்குப் பின் வில்வித்தையின் மீதான ஆர்வமும் குன்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அனடோலியாவின் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் அந்நிலத்தில் வீடுகள் எழுப்பினர். அவர்களை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. தலைக்கு மேல் கூரை தேவைப்பட்டவர்கள் அவர்கள். மைதானமோ ஆளின்றிக் கிடந்தது. சாதனைக் கற்கள் பல அழிந்தன. சில, வீடுகளுக்கு இடையே சிக்கி நின்றன. அண்மைக் காலத்தில் ஒரு பகுதி மீட்கப்பட்டு, தக்கியா மீண்டும் எழுப்பப்பட்டு, இளைஞர்கள் அங்கு அம்பெய்து வருகின்றனர். எஞ்சியவை திரும்பவில்லை.

நூற்றாண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்ட ஆணைகள் காக்க முடியாததை எது காத்திருக்கும்? நாள்தோறும் அங்கு வந்து நிற்கும் கால்கள்தாம் காத்திருக்கும். பயன்படுத்துவோர் இல்லாத பொதுநிலத்திற்கு ஆவணம் மட்டும் வேலியாகாது. வக்ஃபு நிலங்கள் பலவற்றை இழந்த சமுதாயமாகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, நம் ஊரில் அரசுப் பொருளால் ஒரு திடல் அமையுமானால் அதை மக்கள் அனைவரின் அமானிதமாகக் கருதுவோம். அஸர் தொழுகைக்குப் பின் நம் பிள்ளைகளை அங்கு அனுப்புவோம். பெண் பிள்ளைகளுக்கும் உரிய நேரமும் பாதுகாப்பும் கேட்போம். அண்டை வீட்டுப் பிற சமயப் பிள்ளைகளுக்கும் அதில் சம உரிமை உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். கணக்கு எங்கே என்று கேட்கும் துணிவும், குப்பையை அகற்றும் பணிவும் நம்மிடம் இருக்கட்டும்.

உடல் நலத்தையும் ஓய்வு நேரத்தையும் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம். அவ்விரண்டையும் நல்வழியில் செலவிட வல்ல அல்லாஹ் நமக்குத் துணை புரிவானாக. ஆமீன்.