பழைய காரில் 'டக் டக்' சத்தம்: எங்கிருந்து வருகிறது? எப்படிக் கண்டுபிடிப்பது?

குடவாசல் பக்கம் வயலோர ரோடுகளில் பழைய மாருதி 800-களை இன்னும் பார்க்கலாம். 1983-ல் வந்த இந்தக் காரின் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. இப்போது எதை வாங்கினாலும் பத்து வயசுக்கு மேல்தான். வாங்கிய கொஞ்ச நாளிலேயே 'டக் டக்' சத்தம் கேட்டால், அது எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்க.

வளைவில் திரும்பும்போது மட்டும் வந்தால், சந்தேகம் சி.வி. ஜாயின்ட் மேல்தான். இன்ஜின் விசையை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு இது. இதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, சேறும் தண்ணீரும் உள்ளே போய்விடும். டெல்டா மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! உள்ளே இருக்கும் குண்டுகள் தேய்ந்து தட்ட ஆரம்பிக்கும். பூட் கிழிந்த உடனே மாற்றினால் சின்ன செலவு. சத்தம் வந்த பிறகு பெரும்பாலும் ஜாயின்ட்டையே மாற்றணும். அப்படியே ஓட்டினால், ஒருநாள் ஜாயின்ட் உடைந்து வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அம்பாசடருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பின்சக்கரத்தில் ஓடும் வண்டி.

சாவியைத் திருப்பும்போது மட்டும் படபடவென அடித்தால் பேட்டரியைப் பாருங்க. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தாலே சத்தம் கூடினால் டேப்பெட்டாக இருக்கலாம். முதலில் ஆயில் அளவைப் பாருங்க. வேகத்தோடு சேர்ந்து கூடினால் டயரில் சிக்கிய கல்லாக இருக்கலாம். ஆனால் வீல் நட் லூசானாலும் இதே சத்தம்தான், உடனே ஓரங்கட்டுங்க.

வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன், காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, முதல் கியரில் இரண்டு பக்கமும் வட்டமடிங்க. பிறகு குனிந்து, முன்சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்க.