தூங்காத வார்டு: பயிற்சி மருத்துவர் பணிநேரத்தின் வரலாறு

இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, இரவும் பகலும் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே தொழில் பழகும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வேரூன்றியது. பாரிஸில் 1802 முதல் போட்டித் தேர்வு வைத்து இதற்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். லண்டன் மருத்துவமனைகளில் ‘ஹவுஸ் சர்ஜன்’ பதவி இருந்தது. அந்தப் பெயர் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் புழங்குகிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பேராசிரியருக்குக் கீழே உதவியாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். இவற்றையெல்லாம் பார்த்து, ஒரு கறாரான பயிற்சி முறையாக வார்த்தெடுத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். மருத்துவரின் மனஅழுத்தம் பற்றிய இன்றைய பேச்சில் பாதி, அவர் போட்ட அஸ்திவாரத்தைப் பற்றியதுதான்.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறந்தது. அடுத்த ஆண்டு ஹால்ஸ்டெட் அதன் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அவரிடம் பயிற்சிக்கு இத்தனை ஆண்டு என்ற வரையறை கிடையாது. உதவியாளராகச் சராசரியாக ஆறு ஆண்டு, அதற்குமேல் தலைமை ரெசிடென்டாக (மருத்துவமனையில் தங்கிப் பயிலும் மருத்துவர்களுள் மூத்தவராக) இரண்டு ஆண்டு என்று 1904-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அவரே கணக்குச் சொன்னார். கீழே பலர் சேர்வார்கள், மேலே ஒருவர்தான் போய்ச் சேருவார். அவர் தலைமை வகித்த மூன்று பத்தாண்டுகளில் உச்சிக்குப் போன தலைமை ரெசிடென்டுகள் 17 பேர்தான். இருப்பிடம், சாப்பாடு எல்லாம் மருத்துவமனை வளாகத்தில். திருமணம் செய்துகொள்வதைத் தலைவர்கள் விரும்புவதில்லை. வேலை நேரம் எது, ஓய்வு நேரம் எது என்ற கேள்விக்கே அந்த முறையில் இடம் இல்லை.

இவ்வளவு உழைப்பைக் கேட்ட மனிதரின் சொந்த வாழ்க்கையில் ஒரு ரகசியம் இருந்தது. கொக்கைன் கண்ணை மரத்துப்போகச் செய்கிறது என்று 1884-இல் வியன்னாவிலிருந்து செய்தி வந்ததும், நியூயார்க்கில் இருந்த ஹால்ஸ்டெட்டும் நண்பர்களும் அதைத் தங்கள் உடலிலேயே ஊசியாகப் போட்டுச் சோதித்தார்கள். நரம்பை மரக்கச் செய்யும் முறை அப்படித்தான் பிறந்தது. கூடவே ஹால்ஸ்டெட் போதைக்கு அடிமையானார். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பட்லர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். கொக்கைனுக்குப் பதில் மார்ஃபின் வந்து ஒட்டிக்கொண்டது. பால்டிமோரில் புகழின் உச்சியில் இருந்தபோதும் மார்ஃபின் விடவில்லை. சக பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் இதை எழுதி முத்திரையிட்டு வைத்த குறிப்பு 1969-இல்தான் வெளியே வந்தது. தூக்கமில்லாப் பயிற்சியே அந்தப் போதையின் விளைவு என்று சிலர் எழுதுவதுண்டு. அதற்கு ஆதாரம் போதாது. ஹால்ஸ்டெட் ஒவ்வொரு கோடையிலும் மாதக்கணக்கில் பால்டிமோரை விட்டுப் போய்விடுவார் என்பது மட்டும் உறுதி. அந்த வசதி அவருடைய ரெசிடென்டுகளுக்கு இல்லை.

உடல் உழைப்புக்கு ஹால்ஸ்டெட் என்றால், மனத்துக்கு இலக்கணம் வகுத்தவர் ஆஸ்லர். 1889 மே 1 அன்று பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களிடம் விடைபெறும்போது அவர் ஆற்றிய ‘ஈக்வனிமிட்டாஸ்’ உரை, எது நடந்தாலும் முகம் மாறாத நிதானத்தையே மருத்துவரின் முதல் தகுதியாகச் சொன்னது. 1904-இல் அது நூலானது. எலி லில்லி மருந்து நிறுவனம் பிற்காலத்தில் பட்டம் பெறும் மாணவர்களுக்கு அந்த நூலைப் பல ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்துவந்தது. 1913-இல் யேலில் பேசியபோது ஆஸ்லர், நேற்றையும் நாளையையும் கதவடைத்துவிட்டு அன்றன்றைய வேலையைப் பார்க்கச் சொன்னார். டேல் கார்னகி தன் கவலை ஒழிப்பு நூலைத் தொடங்குவதே இந்த அறிவுரையில்தான். அறிவுரை மோசமானது அல்ல. ஆனால் ஆஸ்லரின் ஒரே மகன் 1917-இல் பெல்ஜியப் போர்முனையில் இறந்தபோது, அந்த அடியிலிருந்து அவர் மீளவே இல்லை; இரண்டே ஆண்டில் காலமானார். அவரே காக்க முடியாத நிதானத்தை மருத்துவக் கல்வி ஒரு தலைமுறைக்கே பாடமாக வைத்தது. அழுத்தம் தாங்காதவருக்கு மனத்திடம் போதாது என்ற எண்ணம் தொழிலில் ஊறிப்போனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வார்டின் தன்மை மாறியது. ஹால்ஸ்டெட் காலத்து நோயாளி வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்து தேறியவர். போருக்குப் பின் படிப்படியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவு, செயற்கைச் சுவாசக் கருவி, மணிக்கு மணி ரத்தப் பரிசோதனை எல்லாம் வந்தன. முன்பு இரவில் நாலு மணி நேரம் கண்ணயர முடிந்த ரெசிடென்டுக்கு இப்போது இரவு முழுக்க அழைப்பு வந்தது. பணி அட்டவணை மட்டும் பழையதாகவே நின்றது. காரணம் புரியாதது அல்ல: பயிற்சி என்ற பெயரில் கிடைக்கும் மலிவான உழைப்பை விட்டுக்கொடுக்க எந்த மருத்துவமனைக்கும் மனம் வரவில்லை.

1971-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. தூங்கி எழுந்த நிலையிலும், தூக்கம் கெட்ட இரவுக்குப் பிறகும் இன்டர்ன்களிடம் (முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களிடம்) இதயத்துடிப்பு வரைபடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். தூக்கம் கெட்டவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு பிழை விட்டார்கள். இந்தச் சோர்வுக்கு ஒரு பெயர் கிடைத்தது 1974-இல். பகலில் சொந்த கிளினிக், இரவில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையம் என்று உழைத்த நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர், தன்னிடமும் சக ஊழியர்களிடமும் கண்ட நிலையை ‘பர்ன்-அவுட்’ என்று எழுதினார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க 22 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். மனம் வறண்டுபோவது, செய்த வேலையில் நிறைவே இல்லாமல் போவது இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் அது அளந்தது: எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது. நோயாளியின் பெயர் மறந்து ‘பன்னிரண்டாம் பெட் லிவர் கேஸ்’ என்று வாயில் வருவது எந்த ஊர் வார்டுக்கும் பழக்கமானதுதான். 1978-இல் சாமுவேல் ஷெம் என்ற புனைபெயரில் வந்த ‘தி ஹவுஸ் ஆஃப் காட்’ நாவல், பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் இன்டர்ன் வாழ்க்கையை ஈவிரக்கமற்ற நகைச்சுவையோடு சொன்னது. மூத்த மருத்துவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இன்டர்ன்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள்.

இவ்வளவு எழுதியும் பணிநேரம் குறையவில்லை. அதற்கு ஒரு மரணம் தேவைப்பட்டது. 1984 மார்ச் மாதம் காய்ச்சலும் உடல் உதறலுமாக லிபி சயன் என்ற 18 வயதுப் பெண்ணை நியூயார்க் மருத்துவமனையில் இரவில் சேர்த்தார்கள். மனச்சோர்வுக்கு அவர் ஃபெனல்சின் மாத்திரை எடுத்துவந்தார். உதறலை அடக்கப் பெதிடின் ஊசி போடப்பட்டது. இந்த இரண்டு மருந்தும் உடலில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றிரவு அவரைப் பார்த்துக்கொண்ட இன்டர்னுக்கு இன்னும் பல நோயாளிகளின் பொறுப்பும் இருந்தது. மூத்த மருத்துவர் வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசினார். விடிவதற்குள் காய்ச்சல் எகிறியது, இதயம் நின்றது. தந்தை சிட்னி சயன் வழக்கறிஞர், பத்திரிகையாளரும்கூட. அவர் விடவில்லை. 1986-இல் பெருநடுவர் குழு மருத்துவர்கள் மீது குற்றவியல் வழக்குத் தொடரப் பரிந்துரைக்கவில்லை. பதிலாக, மேற்பார்வையின்றி மணிக்கணக்கில் உழைக்கவைக்கும் பயிற்சி முறையையே சாடியது. மரணத்துக்கு எது காரணம் என்ற சர்ச்சை நீதிமன்றத்தில் 1995 வரை நீடித்தது. ஆனால் அதற்குள் கேள்வி ஒரு குடும்பத்தின் வழக்கைத் தாண்டிப் போய்விட்டது.

டாக்டர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஏற்று நியூயார்க் மாநிலம் 1989 ஜூலையில் விதி கொண்டுவந்தது: வாரம் 80 மணி நேரம், தொடர்ந்து 24 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. பெல்லுக்குப் பெரிய கவலை மணிக்கணக்கு அல்ல, மேற்பார்வை. பக்கத்தில் மூத்தவர் இல்லாமல் இன்டர்ன் தனியே தவிக்கக்கூடாது என்பதையே அவர் கடைசிவரை வலியுறுத்தினார். செய்தித்தாள்களில் நின்றதோ 80 என்ற எண்தான். மருத்துவமனைகள் அந்த எண்ணையும் மதிக்கவில்லை; 1998-இல் நடந்த திடீர்ச் சோதனைகளில் விதிமீறல் பரவலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 2003 ஜூலையில்தான் பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு நாடு முழுவதும் 80 மணி நேர வரம்பை விதித்தது. நடுவண் அரசு சட்டம் போட்டுவிடும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம்.

2004-இல் பாஸ்டனில் நடந்த ஆய்வில், 24 மணி நேரத்தைத் தாண்டும் பழைய முறையில் வேலை செய்த இன்டர்ன்கள், சுருக்கிய முறையில் இருந்தவர்களைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடும் பிழைகள் செய்தது தெரிந்தது. 2011-இல் முதலாண்டு மருத்துவர்களுக்கு ஒரே மூச்சில் 16 மணி நேரம் என்று வரம்பு இறுகியது. அதன்பின் எதிர்ப்பு எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஷிஃப்ட் குட்டையானால் நோயாளி ஒரே நாளில் மூன்று கை மாறுகிறார். மாலையில் போகிறவர் வருகிறவரிடம் ஒரு தாளை நீட்டி, ‘இவருக்குப் பொட்டாசியம் பார்க்கணும், அவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வரணும்’ என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, ஒரு வரி விடுபட்டாலும் விபரீதம். இரண்டு பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் நடந்தன. நெகிழ்வான நீண்ட நேரத்தால் நோயாளிகளின் இறப்போ சிக்கல்களோ கூடவில்லை என்று முதல் ஆய்வு 2016-இல் சொன்னது. 2017-இல் 16 மணி நேர வரம்பு நீக்கப்பட்டு, 24 மணி நேரமும் ஒப்படைப்புக்கு மேலும் நாலு மணி நேரமும் திரும்ப வந்தன. நோயாளிக்குக் கேடில்லை என்பதை மருத்துவருக்கும் கேடில்லை என்று படித்துவிட்டார்கள் என்பதே இந்த முடிவின் ஓட்டை.

ஐரோப்பா இதே சிக்கலை மருத்துவப் பிரச்சினையாகப் பார்க்காமல் தொழிலாளர் உரிமையாகப் பார்த்தது. லண்டன் இளம் மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் உடல்நலத்தைக் கெடுக்கும் அளவுக்கு வேலை வாங்கும் உரிமை நிர்வாகத்துக்கு இல்லை என்ற கருத்தை 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஸ்பெயினிலிருந்து வந்த வழக்கில் 2000-இலும், ஜெர்மனியின் கீல் நகர வழக்கில் 2003-இலும் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: மருத்துவமனைக்குள் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரம், கட்டிலில் தூங்கினாலும், வேலை நேரமே. 2009-இல் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பானது.

மணிக்கணக்கைக் குறைப்பதற்கு வெளியே வேறு முயற்சிகளும் நடந்தன. லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் 1950-களில் குடும்ப மருத்துவர்களைக் குழுவாக உட்காரவைத்து, மனத்தை உறுத்தும் நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தார். புற்றுநோயில் இறந்த வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸின் பெயரால் 1997-இல் பாஸ்டனில் தொடங்கிய கூட்டங்களில் மருத்துவர் முதல் செவிலியர்வரை சேர்ந்து உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார்கள். ஆஸ்லரின் முகம் மாறா நிதானத்துக்கு நேரெதிரான வழி இது. 2017-இல் உலக மருத்துவச் சங்கம் திருத்திய ஜெனிவா உறுதிமொழியில், தன் உடல்நலத்தையும் பேணுவேன் என்று மருத்துவர் சொல்லும் வரி முதல்முறையாகச் சேர்ந்தது. ஆனால் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உரிமம் புதுப்பிக்கும் படிவமே மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்று கேட்டது. உரிமம் போய்விடுமோ என்று பயந்தவர்கள் உதவி தேடவில்லை. கொரோனாவின் முதல் அலையில் நியூயார்க் அவசரச் சிகிச்சை மருத்துவர் லோர்னா ப்ரீன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகே, மருத்துவப் பணியாளரின் மனநலத்துக்கென அவர் பெயரில் 2022-இல் ஒரு நடுவண் சட்டம் பிறந்தது.

இந்தியாவில் விதி இல்லாமல் இல்லை. 1992 ஜூனில் நடுவண் அரசு வெளியிட்ட ரெசிடென்சி ஆணை, இளநிலை ரெசிடென்டுகளுக்குச் சாதாரணமாக வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரம் என்று எழுதிவைத்தது. நடைமுறை வேறு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு அட்மிஷன் நாள் உண்டு. அன்று காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழையும் முதுநிலை மாணவர் புறநோயாளிப் பிரிவு, கேஷுவாலிட்டி, இரவு அட்மிஷன் எல்லாம் முடித்து, மறுநாள் காலை சீஃப் ரவுண்ட்ஸுக்கும் கேஸ் ஷீட்டோடு நிற்பார். அதன் பிறகும் வார்டு வேலை, டிஸ்சார்ஜ் சம்மரி என்று மாலை ஆகிவிடும். டூட்டி ரூம் இல்லாத இடங்களில் கிடைத்த பெஞ்சுதான் படுக்கை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், நீண்ட டூட்டிக்கு நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போன முதுநிலை மாணவி பாலியல் வன்முறைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். மருத்துவர்களின் பாதுகாப்பையும் பணிச்சூழலையும் ஆராய உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து ஒரு பணிக்குழுவை அமைத்தது.

அதே ஆண்டு, மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய்ந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழுவும் அறிக்கை தந்தது. ரெசிடென்டுகளின் வேலை வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும், வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. சீர்திருத்தமாக முன்வைக்கப்பட்ட இந்த 74, 1992 ஆணையில் உள்ள எண்ணைவிட 26 மணி நேரம் அதிகம்.