மே மாதம் டெல்லியில் வேலைக்குச் சேர்கிறீர்களா? அங்கே கோடை ஒன்றல்ல, இரண்டு

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. ஜாயினிங் தேதி மே மாத நடுவில். குருகிராமிலோ நொய்டாவிலோ ரூம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ‘அங்க வெயில் எக்கச்சக்கமா இருக்குமாமே’ என்று வீட்டில் கவலைப்பட்டிருப்பார்கள். ‘சென்னை வெயிலையே பார்த்தாச்சு, டெல்லி என்ன பண்ணிடும்’ என்று நீங்களும் பதில் சொல்லியிருப்பீர்கள்.

அந்தப் பதில் பாதிதான் சரி. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குப் புழுக்கம் பழக்கம். ஆனால் டெல்லியில் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி வரை இருப்பது வறண்ட வெப்பம். பருவமழை வந்ததும் ஜூலையில் தொடங்குவது வேறொரு கோடை. அது நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அண்ணன். முதல் கோடையில் உங்களைக் காப்பாற்றுகிற ஏற்பாடு இரண்டாவதில் வேலை செய்யாது. டெல்லிக்குப் போகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

45 டிகிரிக்கும் 36 டிகிரிக்கும் என்ன வித்தியாசம்?

வெளிக்காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால், அதாவது சுமார் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், உடல் குளிர ஒரே வழிதான் மிச்சம். வியர்வை ஆவியாக வேண்டும். வியர்த்தால் மட்டும் போதாது. தோலிலிருந்து வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் பயன் இல்லை.

இதை அளக்க ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ என்று ஓர் அளவு உண்டு. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்று படும்படி வைத்தால் அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அது. மே மாத மதியம் 45 டிகிரி வெயில், ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24 டிகிரி. ஜூலையில் 36 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அது சுமார் 31 டிகிரி. வெயில் 9 டிகிரி குறைந்திருக்கிறது, ஈரத்துணியின் சூடு 7 டிகிரி ஏறியிருக்கிறது!

மனித உடல் தாங்கும் எல்லை ஈரக்குமிழ் கணக்கில் 35 டிகிரி என்று நீண்ட காலம் சொல்லப்பட்டு வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்வு, அந்த எல்லை இன்னும் கீழே இருப்பதைக் காட்டியது. புழுக்கமான சூழலில் லேசான வேலை செய்யும்போதே, 31 டிகிரியை ஒட்டி உடலின் உள்வெப்பம் கட்டுக்கு அடங்காமல் ஏறத் தொடங்கியது. வறண்ட, கடும் வெப்பத்தில் இந்த எல்லை 25 முதல் 28 டிகிரிதான். ஆகவே 24 டிகிரிதானே என்று மே மாதத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

காரணம் இதுதான். வறண்ட வெப்பத்தில் காற்று எவ்வளவு வியர்வை கொடுத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் உடலால்தான் அவ்வளவு வியர்வை சுரக்க முடியாது. அங்கே தண்ணீர்தான் பிரச்சினை. புழுக்கத்தில் வியர்வை ஏராளமாக வரும், ஆனால் அதை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இல்லை. அங்கே காற்றுதான் பிரச்சினை.

மே, ஜூன்: ‘வேர்க்கவே இல்லையே’ என்ற ஏமாற்றம்

டெல்லிக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதல் வாரத்தில் வீட்டுக்கு போன் போட்டுச் சொல்வது இதுதான்: ‘வெயில் இருக்கு, ஆனா நம்ம ஊர் மாதிரி கசகசன்னு இல்ல, வேர்க்கவே இல்ல.’ உண்மையில் வேர்க்கிறது. தோலில் வந்த அடுத்த கணமே காய்ந்துவிடுவதால் தெரிவதில்லை. சட்டை நனையாததால் தாகமும் பெரிதாக உறைக்காது. சாயங்காலம் தலைவலி, எரிச்சல், படியேறினால் படபடப்பு என்று வரும். ஆபீஸ் டென்ஷன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தாகத்தை நம்பாதீர்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் நீங்கள் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள். வெயிலில் வேலையோ நடையோ இருந்தால் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக் குடியுங்கள். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும் ஆபத்து உண்டு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து போட்டுக் கலக்கலாம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

அந்த ஊர்க்காரர்களும் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மாங்காயைச் சுட்டோ வேகவைத்தோ உப்பு, சீரகம் சேர்த்துக் கரைக்கும் ஆம் பன்னா, பீகாரிகள் தள்ளுவண்டியில் விற்கும் வறுத்த கடலைமாவு சத்து ஷர்பத், வில்வப்பழ ஷர்பத். ‘சாச்’ என்று கேட்டால் நம்ம மோரேதான் வரும். ஐஸ் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யோசித்துவிட்டுக் குடியுங்கள். சாலையோர ஐஸ் எனக்குச் சம்மதம் இல்லை.

மதியத்தில் மேற்கிலிருந்து வீசும் அனல்காற்றுக்கு அங்கே ‘லூ’ என்று பெயர். ‘பைக்கில் போனால் காற்று படுமே’ என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே தலைகீழ். 44 டிகிரி காற்று வேகமாகப் பட்டால் உடல் குளிராது, சூடேறும். டெலிவரி ஊழியர்கள் முகம், காது, கழுத்து எல்லாம் பருத்தித் துண்டைச் சுற்றிக்கொள்வது ஸ்டைலுக்காக இல்லை. முழுக்கைச் சட்டையும் ஒரு துண்டும் சன்ஸ்கிரீனைவிட அதிகம் உதவும். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. உடம்பையோ துணியையோ நனைத்துக்கொண்டு ஃபேன் போட்டால் பலன் உண்டு.

அக்னி நட்சத்திரம் மே கடைசியில் முடிந்துவிடும் என்ற கணக்கும் அங்கே செல்லாது. மதியம் வந்து காப்பாற்றக் கடற்காற்று கிடையாது. டெல்லிக்குப் பருவமழை வரும் வழக்கமான தேதி ஜூன் 27. அதுவரை பொறுக்க வேண்டும்.

ரூம் பார்க்கும்போதே பாதிப் பிரச்சினை தீரும்

மொட்டை மாடியில் ஓர் அறை, ‘பர்சாத்தி’ என்பார்கள். வாடகை குறைவு, ஃபோட்டோவில் அழகாக இருக்கும். பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை உங்கள் தலைமேல் இறக்கும். 2024 ஜூனில் டெல்லி சஃப்தர்ஜங் நிலையத்தில் ஒரு நாள் குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி. விடிகாலையிலும் அவ்வளவு சூடு. ராத்திரி உடல் ஆறவில்லையென்றால் மறுநாள் வெயிலைத் தொடக்கத்திலேயே பாதி பலத்தோடுதான் சந்திப்பீர்கள். வாடகையில் ஓரிரு ஆயிரம் கூடினாலும் மேலே இன்னொரு தளம் இருக்கும் வீட்டையே எடுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் வெளிப்பக்கம் மூங்கில் திரை தொங்கவிட முடியுமா என்று கேளுங்கள். உள்ளே போடும் திரை, கண்ணாடி வழியாகச் சூடு நுழைந்த பிறகுதான் தடுக்கிறது.

ஏசி இல்லையென்றால் ஏர் கூலர். தமிழ்நாட்டின் கடலோரத்தில் கூலர் வாங்கி நொந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனால் மே மாத டெல்லியில் அது நிஜமாகவே வேலை செய்யும். 45 டிகிரி வறண்ட காற்றை நனைந்த பேட் வழியாக இழுத்து 30 டிகிரிக்கு அருகில் கொண்டுவந்துவிடும். மின்சாரமும் ஏசியைவிட மிகக் குறைவு. பேடில் சிலர் ‘கஸ்’ வைப்பார்கள். அது வேறொன்றும் இல்லை, நம் வெட்டிவேர்தான். ஒரே நிபந்தனை: ஏசி அறை மாதிரி கதவு ஜன்னலைச் சாத்திவிடக் கூடாது. கூலரை ஜன்னலில் வைத்து, எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழி விட வேண்டும். மூடிய அறையில் கூலர் ஓடினால் அரை மணியில் அறை இட்லிக் கொப்பரை ஆகிவிடும்.

குளிக்கிற தண்ணீர் இன்னொரு அதிர்ச்சி. மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், சாயங்காலம் குழாயைத் திறந்தால் கொதிநீர் மாதிரி கொட்டும். காலை 5, 6 மணிக்கு இரண்டு பக்கெட் பிடித்து பாத்ரூமில் வைத்துவிடுங்கள், சாயங்காலம் வந்து குளிக்க உதவும்.

முதல் இரண்டு வாரம் அவசரப்படாதீர்கள்

வெப்பத்துக்கு உடல் பழக 7 முதல் 14 நாள் ஆகும். இது மனதைத் தேற்றிக்கொள்வது அல்ல, உடலுக்குள் நடக்கும் மாற்றம். ரத்தத்தின் நீர்மப் பகுதி கூடுகிறது, இதயத் துடிப்பு நிதானமாகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. வெப்பத்தால் வேலையிடங்களில் நிகழும் மரணங்களில் நான்கில் மூன்று பங்கு வரை முதல் வாரத்திலேயே நடப்பதாக அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்வது இதனால்தான்.

பெங்களூரிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏசி வீடு, ஏசி கேப், ஏசி ஆபீஸ் என்று இருந்தால் உடல் பழகவே பழகாது. ஞாயிற்றுக்கிழமை குதுப் மினார் பார்க்க மதியம் கிளம்பும்போது அது தெரியும். காலையிலோ சாயங்காலமோ 15, 20 நிமிடம் நடந்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். ஜிம், ஓட்டம் எல்லாம் மூன்றாவது வாரம் பார்த்துக்கொள்ளலாம். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் பழக்கம் பெரும்பாலும் போயிருக்கும், மறுபடி முதலிலிருந்துதான்.

சளி, அலர்ஜி மாத்திரைகள் சிலவும், சிறுநீரை அதிகரிக்கும் ரத்த அழுத்த மாத்திரைகளும், மனநல மருந்துகள் சிலவும் உடல் குளிர்வதைத் தடுக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜூலை: கூலரை அணைக்கும் நேரம்

முதல் மழையில் எல்லோரும் நனைந்து கொண்டாடுவார்கள். இரண்டு நாள் கழித்து, கூலர் ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு மூச்சு முட்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது கூலர் மேலும் ஈரத்தைத்தான் சேர்க்கிறது. தண்ணீர் மோட்டாரை அணைத்துவிட்டு வெறும் விசிறியாக ஓடவிடுங்கள். தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் காயவையுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கூலர் தொட்டிதான் இஷ்டமான இடம். கூலரை ஓட்டுகிற நாட்களிலும் வாரம் ஒருமுறை கட்டாயம் தொட்டியைக் காலி செய்ய வேண்டும்.

மே மாதத்தைக் கூலரோடு சமாளித்தவர்களுக்கும் ஏசி உண்மையில் தேவைப்படுவது இப்போதுதான். சீசனுக்கு வாடகைக்கும் கிடைக்கிறது. 18-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்ள வேண்டாம். 26-ல் வைத்துக்கூடவே ஃபேனை ஓடவிட்டால் போதும், ‘டிரை மோட்’ இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். பல வீட்டு உரிமையாளர்கள் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குத் தனி ரேட் வாங்குவார்கள், அதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வேர்க்குரு, படர்தாமரை எல்லாம் நமக்குத் தெரிந்த விருந்தாளிகள். தளர்வான பருத்தி, இரண்டு வேளைக் குளியல், காயாத உள்ளாடையைப் போடாமல் இருப்பது, இது போதும்.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் ‘வெப்ப அலை’ என்று இந்திய வானிலை ஆய்வு மையம் வரையறுக்கிறது. 45 டிகிரியை எட்டினால் வழக்கத்தோடு ஒப்பிடாமலே வெப்ப அலைதான். ஜூலையின் 36 டிகிரி இந்த வரையறைக்குள் வராது. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வரவில்லையே என்று அந்த மாதத்தில் நிம்மதியாக இருக்காதீர்கள். மொபைலில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே ஈரப்பதமும் இருக்கும், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்ப வேண்டாம். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று செய்தி பரவியது. அந்தக் கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று பிறகு தெரிந்தது. அதே நாளில் சஃப்தர்ஜங்கில் பதிவான 46.8 டிகிரியே பயப்படப் போதுமானது.

ரூம்மேட் உளற ஆரம்பித்தால்

களைப்பு, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வரை என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு. குழப்பமாகப் பேசுவது, தள்ளாடுவது, வலிப்பு, நினைவு தப்புவது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். ‘வேர்வை இருக்கே, அப்ப ஒண்ணும் இல்ல’ என்று சொல்லாதீர்கள். ஓடியாடி வேலை செய்து விழுந்தவர்களுக்கு வியர்வை இருந்துகொண்டே ஹீட் ஸ்ட்ரோக் வரும். பாராசிட்டமால் இதற்கு உதவாது.

112-க்கு போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடையைத் தளர்த்தி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் 2024-ல் ஹீட் ஸ்ட்ரோக்குக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள். அங்கேயும் முதல் சிகிச்சை, ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் நோயாளியை இறக்குவதுதான்.