வீட்டைப் புதுப்பிக்கும் முன்: செட்டிநாட்டு வீடுகள் சொல்லும் கணக்கு

மாலையில் நம் வளாகத்தைச் சுற்றி நடக்கும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "ஊர் வீட்டை இடிச்சுட்டுக் கட்டலாமா, இல்ல இருக்கறதையே சரிபண்ணலாமா?" 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. இந்த ஆலைகளையும் இவற்றைச் சுற்றி வந்த கம்பெனிகளையும் நம்பிக் குடியேறிய நம்மில் பலர், ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீட்டுக்கும் பங்காளிகள். அந்த வீட்டுக்குக் கை வைக்கும் முன் செட்டிநாட்டு வீடுகளின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என 70க்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் கட்டிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலானவை. பர்மா தேக்கு, ஆத்தங்குடி ஓடு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் நீங்கள் கேள்விப்பட்டவைதான். அவ்வளவாகப் பேசப்படாதது அந்த வீடுகளின் குடும்பக் கணக்கு. மகனுக்குத் திருமணமானால் அவன் குடும்பம் ஒரு 'புள்ளி'. அவனை 'வேறு வைப்பார்கள்': தனி அடுப்பு, தனிச் செலவு. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவனுக்கு. மனைவியின் சீர்ப் பொருள்கள் அதில் பூட்டியிருக்கும். முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. ஒரே கூரையின் கீழ் தனித்தனி வரவு செலவு என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கூரைக்கு ஓடு மாற்றும் செலவு யாருடையது?

வட்டித் தொழிலில் பணம் புரண்ட வரை இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. 1930க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது சுமார் 25 சதவீதம். வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை வளர்ச்சி என்று எண்ண வேண்டாம். ரொக்கமாகத் திரும்ப வேண்டிய பணம் அடமான நிலமாகக் கைக்கு வந்து முடங்கியது என்பதே பொருள். 1942இல் ஜப்பானியப் படை வந்தது. 1948இல் பர்மா விடுதலை பெற்றதும் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. வீட்டைப் பராமரித்த வருமானம் நின்றது. புள்ளிகளோ தலைமுறைக்குத் தலைமுறை பெருகிக்கொண்டே போயின.

பல வீடுகளில் இப்போது பெயர் சொல்லக்கூடிய பங்காளிகளே பத்து, இருபது, அதற்கும் மேல். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். பொதுக் கூரைக்குத் தனியாகச் செலவு செய்ய யாருக்கும் மனம் வராது. விற்கவோ குத்தகைக்கு விடவோ எல்லோரும் கையெழுத்திட வேண்டும். இதற்கிடையே மழை நீர் உத்தரத்தில் இறங்குகிறது. இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. மறுபக்கம், கானாடுகாத்தானில் ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய 'விசாலம்' இன்று விருந்தினர் விடுதியாக நல்ல நிலையில் இருக்கிறது. கோத்தமங்கலம் 'சாரதா விலாஸ்' வீட்டைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் சீர்செய்தார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. பட்டியலில் ஏறினால் மட்டும் கூரை நிற்காது. கையெழுத்திட உரிமை உள்ளவர்கள் யார் என்பது தெளிவாக இருந்து, அவர்கள் ஒத்துப்போகும் வீட்டில்தான் கொத்தனார் உள்ளே நுழைய முடியும்.

இது நகரத்தார் வீட்டுக்கு மட்டுமான கதை அன்று. சட்டத்தின் பாதையைப் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. உயில் இல்லாமல் இறந்தவரின் குடும்பம் முழுதாகக் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. மணமாகாத மகளுக்கும், விதவையான அல்லது கணவனால் கைவிடப்பட்ட மகளுக்கும் தங்கும் உரிமை மட்டும் உண்டு. தமிழ்நாடு 1989இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் 25-3-1989க்கு முன் மணமான மகள்கள் அதில் சேரவில்லை. 9-9-2005இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தப் பேதத்தை நீக்கியது. 23ஆம் பிரிவும் போயிற்று. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆகவே "அக்காவுக்குத்தான் அப்பவே சீர் செஞ்சாச்சே" என்று சொல்லி, அண்ணன் தம்பி மட்டும் உட்கார்ந்து வரைபடம் போடும் காலம் முடிந்துவிட்டது. அக்காவுக்குப் பணம் வேண்டாமாக இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை வந்து தங்க ஓர் அறை போதும் என்று அவர் சொல்லலாம். அதை அவரிடம் கேட்டால்தானே தெரியும்? கேட்டதைப் பத்திரமாக்குங்கள்: பாகப்பிரிவினையோ, விடுதலைப் பத்திரமோ, எதுவானாலும் பதிவு செய்யுங்கள். தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று வக்கீலிடம் காட்டுங்கள். இதில் ஒன்று முரண்பட்டாலும் வங்கியில் கடன் மனு நின்றுவிடும். நீங்கள் முப்பது லட்சம் செலவழித்துவிட்டால் அதனாலேயே உங்கள் பாகம் கூடிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு சுவருக்கு வாருங்கள். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் ஆனது. அது ஈரத்தை இழுத்து வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு உப்புப் பூத்து, சில மழைக்காலத்துக்குள் பூச்சு பெயரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லை அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால், கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் அதன்மேல் மாடி எழுப்ப வேண்டாம். முற்றத்தை மூடி ஹால் ஆக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சூடான காற்று மேலேறி வெளியேறும் வழியும், நடு அறைகளுக்கு வெளிச்சம் வரும் வழியும் அதுதான். மூடிய மறு கோடையில் ஏசி வாங்க வேண்டியிருக்கும். மழைக்குப் பயந்தால் பக்கவாட்டில் காற்று போக இடம்விட்டு உயரத்தில் ஒரு கூரை போதும்.

வேலை வரிசை இதுதான்: முதலில் உரிமை, பிறகு கூரையும் மழைநீர் வடிகாலும், பிறகு சுவர், பிறகு கழிவறையும் மின்கம்பியும். டைல்ஸும் பெயின்ட்டும் கடைசியில் வரட்டும்.

வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எல்லோரும் கூடும் அந்த ஒரு நாளில் பத்திரங்களை வெளியே எடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே, எந்த அறை யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சகோதரிகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள். இன்ஜினியரை அழைப்பதற்குப் பொங்கல் கழிந்தும் நாள் இருக்கிறது.